வோல்ட்ஸ்: ஒரு ஸ்டெப் எங்கே முடிகிறது?

ஹட்டன்குளிர் · ஞாயிறு இரவு 9.40

வணக்கம். நானும் வீட்டுக்காரியும் ஞாயிறுதோறும் கண்டிக்குப் போய் போல்ரூம் என்ற ஜோடி நடனம் பழகுகிறோம். சிரிக்க வேண்டாம். போன டிசம்பர் 31 இரவு ஒரு ஹோட்டலில் எல்லாரும் ஆடுகிறார்களே என்று நானும் இறங்கி, அவளுடைய பெருவிரல் நகத்தை என் சப்பாத்தால் பெயர்த்துவிட்டேன். அதற்குப் பிராயச்சித்தம்தான் இந்த வகுப்பு.

விஷயத்துக்கு வருகிறேன். வோல்ட்ஸ் என்ற ஆட்டத்தில் வலப்பக்கம் சுற்றும் நேச்சுரல் டர்ன் என்று ஒன்று, ஆறு ஸ்டெப். வகுப்பு சேர் (ஆசிரியர்) கொடுத்த தாளில் ஆணின் முதல் ஸ்டெப்புக்கு நேரே 'வலது கால் முன்னே' என்று இருக்கிறது. எழுவது, தாழ்வது பற்றிய கட்டத்தில் '1இன் முடிவில் எழத் தொடங்கவும்' என்று இருக்கிறது. நான் வலது காலை முன்னே வைத்தேன். வைத்தாயிற்று, ஸ்டெப் முடிந்தது என்று எழுந்தேன். சேர் தலையில் கைவைத்துக்கொண்டார். "தம்பி, இது முடிவு இல்ல, இப்பதான் தொடங்கியிருக்கு" என்றார். ஏழெட்டு முறை செய்தும் அதே பதில்தான்.

கால் தரையில் பதிந்தால் ஸ்டெப் முடிந்தது என்றுதானே அர்த்தம்? மற்றக் கால் கிளம்பிவிட்டால் அது இரண்டாவது ஸ்டெப் இல்லையா? வீட்டுக்காரி இல்லை என்கிறாள். கினிகத்தேனையில் தொடங்கிய வாக்குவாதம் வட்டவளை தாண்டியும் ஓயவில்லை. பக்கத்து சீட்டு அம்மா இறங்கும்போது "பேசித் தீத்துக்கங்க மகன்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

தெரிந்தவர்கள் தீர்த்து வையுங்கள்.

தலவாக்கலை_தவளை · ஞாயிறு இரவு 9.52

மச்சான், கால் வைத்தால் ஒன்று. எங்கள் லயத்திலிருந்து ரோட்டுக்கு 112 படி. சின்ன வயதிலிருந்து எண்ணி ஏறுகிறேன், எந்தப் படி எங்கே முடிகிறது என்று ஒருநாளும் சந்தேகம் வந்ததில்லை. சேரை மாற்று.

சலங்கை_பண்டாரவளை · ஞாயிறு இரவு 10.15

நான் பரதம் சொல்லிக்கொடுப்பவள், போல்ரூம் தெரியாது. ஆனால் கேள்வி பிடித்திருக்கிறது.

எங்களிடம் எண்ணப்படுவது தட்டு, கால் தரையில் அடிக்கும் ஓசை. தட்டடவில் முதலாவதில் வலது ஒன்று, இடது ஒன்று. அடுத்ததில் வலது இரண்டு, இடது இரண்டு. ஒரே காலை இரண்டு தரம் தட்டினால் எண்ணிக்கையும் இரண்டு. பாரம் எங்கே இருக்கிறது என்று கணக்கு கேட்காது, ஓசைதான் கேட்கும். நாட்டடவில் காலை நீட்டிக் குதிகாலை ஊன்றுகிறோம். உடம்போ மடங்கிய மற்றக் காலில் அரைமண்டியிலேயே இருக்கிறது. நீட்டிய கால் அங்கே குடியேறுவதில்லை, எட்டிப் பார்த்துவிட்டு வருகிறது. ஆனாலும் அது சொற்கட்டில், அதாவது தாளச் சொற்களில், ஒரு எழுத்துக்குரிய அசைவு.

தவளைத் தம்பியின் 112 படியில் ஒவ்வொரு படிக்கும் உடம்பு முழுதாக ஏறுகிறது. எனவே அவர் எண்ணுவது தட்டு அல்ல, பாரம். போல்ரூம்காரர்கள் எண்ணுவது எதை? ஓசையையா, கால் போய் நிற்கும் இடத்தையா, பாரத்தையா?

ஓய்வு_கிளாக்கர் · திங்கள் காலை 5.30

தோட்டத்து ஒஃபிஸில் 34 வருஷம் இருந்தவன் நான், இன்னமும் பெரட்டு (காலை ஆள் கணக்கெடுப்பு) நேரத்துக்கு முழிப்பு வந்துவிடுகிறது. அப்பா டிக்கோயா பக்கம் ஒரு பழைய கிளப்பில் மேசை பார்த்தவர். துரைமார் ஆடும் இரவுகளில் நாங்கள் குசினிக் கதவிடுக்கில் நின்று பார்ப்போம். முகம் தெரியாது, இடுப்புக்குக் கீழேதான் தெரியும். அதுவும் ஒருவகையில் நல்லதாகப் போயிற்று. பிறகு வேலை கிடைத்ததும் கண்டியில் ஒரு பறங்கி அம்மாவிடம் முறையாகவே படித்தேன்.

தம்பி, உன் வீட்டுக்காரி சொல்வதுதான் சரி. ஆனால் நீ சொல்வதும் புத்தகத்தில் பாதி இருக்கிறது. ஸ்டெப் என்றால் பொதுவாக ஒரு காலின் ஒரு நகர்வு என்றுதான் போடுவார்கள். போட்ட கையோடு, நேரக் கணக்கில் பார்த்தால் இது முழுச் சரியில்லை என்றும் சேர்த்துக்கொள்வார்கள். பொக்ஸ்ட்ரொட் என்ற இன்னொரு ஆட்டத்தில் 'ஸ்லோ' என்றால் இசையில் இரண்டு தட்டு. கால் முன்னே போய்ப் பதிவது முதல் தட்டோடு சரி. ஆனால் அந்த ஸ்லோ தீர்வது, பின்னால் விடுபட்ட கால் இழுபட்டு வந்து, பாரம் தாங்கும் காலோடு ஒட்டி நிற்கும்போதுதான். நீ பாதி ஸ்லோவில் கடையைச் சாத்துகிறாய்.

எழும்பி நின்று செய்து பார். வலது குதிகால் முன்னே தரையைத் தொடுகிறது. அந்தக் கணத்தில் இடது கால் பின்னே முன்பாதத்தில் நிற்கிறது, குதிகால் தூக்கியிருக்கிறது. பாரம் எங்கே? முன் குதிகாலிலும் பின் முன்பாதத்திலும் சரிபாதி. உன் உடம்பு இரண்டு காலுக்கும் நடுவே தொங்குகிறது. நீ எழுவது அங்கேதான்! அங்கே எழுந்தால் நீ போவது மேலே. போக வேண்டியதோ முன்னே. ஜோடிக்காரியின் நகம் பெயர்வதும் ஏறக்குறைய இந்த இடத்தில்தான்.

சேர் தந்த தாளில் பாதம் படும் விதத்துக்கு ஒரு கட்டம் இருக்கும். 1க்கு நேரே 'ஹீல், டோ' (குதிகால், விரல்) என்று இருக்கிறதா பார். ஹீல் சரி, வைக்கும்போது படுகிறது. டோ எப்போது? இடது கால் பக்கத்தால் கடந்து இரண்டாவது இடத்துக்குப் போகும்போது வலது குதிகால் தரையை விடுகிறது. அந்த டோவையும் 1இன் கணக்கில்தான் எழுதியிருக்கிறார்கள். ஸ்டெப் கால் பதிந்ததும் முடிந்துவிட்டால் அந்த டோவை எந்த வரியில் எழுதுவது?

ஒஃபிஸ் பாஷையில் சொன்னால் ஸ்டெப் என்பது செக்ரோலில் (ஆட்களின் வேலைப் பதிவேட்டில்) ஒரு நாள் மாதிரி. காலையில் பெரட்டில் ஆள் வந்தாயிற்று என்று குறிப்போம். அத்தோடு நாள் முடியாது. அந்தியில் கொழுந்து நிறுத்து கிலோ விழுந்தால்தான் அந்தக் கட்டம் நிரம்பும். நீ பெரட்டு முடிந்ததும் வீட்டுக்குப் போகிறாய்.

தலவாக்கலை_தவளை · திங்கள் காலை 7.05

சேரை மாற்ற வேண்டாம். கிளாக்கர் ஐயாவை வகுப்புக்குக் கூட்டிப் போகவும்.

பதுளை_கணக்கு · திங்கள் பிற்பகல் 2.20

ஐயா சொன்னதில் எனக்கு ஒரு இடிப்பு இருக்கிறது. நான் கணிதம் படிப்பிப்பவன், நடனம் யூடியூபில் மட்டும்.

வோல்ட்ஸ் நிமிடத்துக்கு 30 பார் (இசைக் கூறு) என்று வைத்துக்கொள்வோம். பாருக்கு மூன்று தட்டு, ஆகவே நிமிடத்துக்கு 90. ஒரு தட்டுக்கு முக்கால் செக்கனுக்கும் கொஞ்சம் குறைவு. இந்த நேரத்துக்குள் வலது கால் பதிகிறது, பாரம் அதன்மேல் வருகிறது, இடது கால் பக்கத்தால் கடக்கிறது, வலது குதிகால் எழுகிறது, இடது கால் பக்கவாட்டில் போய்ப் பதிகிறது. இதில் இடது கால் கடந்து போகும் துண்டு யாருக்குச் சொந்தம்? பாதக் கட்டம் அது 1இன் டோ என்கிறது. கால்நிலைக் கட்டமோ அதே பயணத்தின் முடிவை '2: இடது கால் பக்கத்தில்' என்று எழுதுகிறது. ஒரே துண்டுக்கு இரண்டு உரிமைக்காரர். காணி என்றால் வழக்குப் போயிருக்கும்.

ஒரே துண்டு நேரத்தில் இரண்டு கால் வேலை செய்கிறது, ஒன்று தாங்குகிறது, ஒன்று போகிறது. தாங்குகிற காலின் கணக்கை எழுதினால் அது 1, போகிற காலின் கணக்கை எழுதினால் அது 2. கட்டங்கள் ஒன்றோடொன்று முரண்படவில்லை, ஒவ்வொன்றும் வேறு காலைப் பார்க்கிறது.

ஹட்டன்குளிர் செய்த பிழை, நான் ஊகிப்பது: கால்நிலைக் கட்டத்தை மட்டும் படித்துவிட்டு மற்றக் கட்டங்களையும் அதே கண்ணால் பார்த்தது. கால்நிலை என்பது ஒரு போட்டோ, கால் போய் நின்றபின் மற்றக் காலிலிருந்து எந்தத் திசையில் இருக்கிறது என்பது மட்டும். எழுவதும் பாதம் படுவதும் போட்டோ அல்ல, வீடியோ.

சுற்றும் அளவை எப்படி எழுதுகிறார்கள் என்றும் பாருங்கள். '1க்கும் 2க்கும் இடையே கால் சுற்று, 2க்கும் 3க்கும் இடையே அரைக்கால் சுற்று.' கூட்டினால் காலே அரைக்கால், அதாவது 3/8. (நம் பழைய பின்னங்கள் இதற்கென்றே செய்தவை போல இருக்கின்றன. காலால் கால் சுற்று என்று எழுதத்தான் சங்கடம்.) அடுத்த மூன்றில் 4க்கும் 5க்கும் இடையே இன்னொரு காலே அரைக்கால். ஆக மொத்தம் முக்கால் சுற்று. சுவரைச் சாய்வாகப் பார்த்துத் தொடங்கியவர் மண்டப நடுவைச் சாய்வாகப் பார்த்து முடிக்கிறார், கணக்கு சரியாக வருகிறது. எழுதியவர்கள் சுற்றை எந்த ஸ்டெப்புக்கும் சொந்தமாக்காமல் 'இடையே' என்று போட்டிருப்பது புத்திசாலித்தனம்.

ஓய்வு_கிளாக்கர் · திங்கள் மாலை 6.10

கணக்கு மாஸ்டருக்கு வணக்கம். உங்கள் விளக்கம் என் செக்ரோலை விட நன்றாயிருக்கிறது. ஒன்றைச் சேர்க்கிறேன். 5ஆவது ஸ்டெப்பில் நடுச் சாய்வைப் 'பார்த்து' என்று இருக்காது, 'சுட்டி' என்று இருக்கும். பாதம் அந்தத் திசைக்குத் திரும்பிவிட்டது, உடம்பு இன்னும் முழுதாகத் திரும்பவில்லை. 6இல்தான் உடம்பு வந்து சேர்கிறது. பாதம் ஒரு நேரம், பாரம் ஒரு நேரம், மார்பு ஒரு நேரம்! இது மூன்றும் ஒரே கணத்தில் நடக்கும் என்று நினைப்பவன் பெரட்டில் நிற்கும் சிப்பாய் மாதிரி ஆடுவான்.

இந்த ஒழுங்கெல்லாம் மேலேயிருந்து விழுந்ததில்லை. 1920இல் லண்டனில் நடன ஆசிரியர்கள் கூடி, அவரவர் இஷ்டத்துக்கு ஆடிக்கொண்டிருந்ததை ஒரு வரம்புக்குள் கொண்டுவரப் பேசத் தொடங்கினார்கள். இம்பீரியல் சொசைட்டி என்று 1904இல் தொடங்கிய ஆசிரியர் சங்கம் 1924இல் போல்ரூமுக்கென்றே ஒரு பிரிவு வைத்தது. பரீட்சை என்று வந்தால் ஸ்டெப் எது என்று எழுதித்தானே ஆக வேண்டும். எழுத உட்கார்ந்தபோதுதான் உன் சந்தேகம் அவர்களுக்கும் வந்திருக்கும்.

மஸ்கெலியா_நேர்மை · திங்கள் இரவு 8.45

மன்னிக்கவும், ஒன்று கேட்கிறேன். நம் பாட்டன்மாரை வாசலுக்கு உள்ளே விடாத கிளப்பின் ஆட்டத்துக்கு இவ்வளவு ஆராய்ச்சி தேவையா? மாசியில் காமன்கூத்து ஆட ஆளில்லை. அதன் அடவுகளை யாராவது இப்படி எழுதி வைத்திருக்கிறோமா?

ஓய்வு_கிளாக்கர் · திங்கள் இரவு 9.20

கதவிடுக்கில் நின்றவனிடமே கேட்கிறீர்கள். கோபம் எனக்கும் இருந்தது. ஆனால் ஆட்டம் அந்தக் கதவு இல்லையே தம்பி. காமன்கூத்தை எழுதுவது பற்றிச் சொன்னது நூற்றுக்கு நூறு சரி, தனி இழை தொடங்குங்கள், நானும் வருகிறேன். ரதி மதன் ஆடுபவர் காலில் தப்பு அடிக்கு எத்தனை தட்டு என்று இப்போதே சிலரிடம் கேட்டு வைக்க வேண்டும்; அவர்களுக்கும் வயதாகிறது.

ஹட்டன்குளிர் · செவ்வாய் இரவு 8.05

எல்லாருக்கும் நன்றி. போட்டோ, வீடியோ என்றது மண்டையில் ஏறிவிட்டது. ஆனால் புதுச் சிக்கல். அடுத்த வாரத்துக்கென ஹெசிடேஷன் சேஞ்ச் என்று சேர் ஒரு தாள் தந்திருக்கிறார். அதில் 6ஆவது: 'இடது கால் வலது காலோடு சேரும், பாரம் இல்லாமல்.' பாரமே ஏறாதது எப்படி ஒரு ஸ்டெப் ஆகும்? பாரம் வந்தால்தான் கட்டம் நிரம்பும் என்றீர்களே ஐயா?

ஓய்வு_கிளாக்கர் · செவ்வாய் இரவு 8.40

மாட்டிவிட்டாய். சரி, அது அரைப்பேர்.

தோட்டத்து ஆட்களுக்கு விளங்கும். கொழுந்து போதாவிட்டால் அன்றைக்கு அரைப்பேர்தான், அதாவது அரை நாள் சம்பளம். ஆனால் பேர் விழுகிறது. ஆள் வரவில்லை என்று எழுத முடியாது. 6இல் இடது கால் வந்து சேர்ந்தது, ஒரு தட்டு நேரத்தை எடுத்துக்கொண்டது, பாரத்தை மட்டும் வாங்கவில்லை. அதை எண்ணாமல் விட்டால் 4, 5 என்று போய் ஒரு தட்டு அந்தரத்தில் நிற்கும். ஆகையால் எண் கொடுத்து, பாரமில்லை என்று குறிப்பும் போடுகிறார்கள்.

அந்தக் குறிப்பை லேசாக எடுக்காதே. பாரம் இல்லாததால்தான் அதே இடது காலை அடுத்த ஸ்டெப்பாக முன்னே வைக்க முடிகிறது, இடப்பக்கம் சுற்றும் ரிவர்ஸ் டர்னுக்குப் போகலாம். நீ மறந்துபோய் பாரத்தை ஏற்றினால் வலது கால் கிளம்பும், ஜோடிக்காரிக்கும் கால் மாறும், பிறகு நகம்.

இதற்கு நேர் எதிரானதும் உண்டு. பொக்ஸ்ட்ரொட் நேச்சுரல் டர்னில் பெண்ணுக்கு 2ஆவது ஸ்டெப் ஹீல் டர்ன். பின்னே வைத்த இடது காலின் குதிகாலில் திரும்பிக்கொண்டே வலது காலைச் சேர்க்கிறாள். கால் சேர்ந்துவிட்டது போலத் தெரியும், ஆனால் திரும்பி முடியும்போதுதான் பாரம் வலது காலுக்கு மாறும். 'சேரும்' என்று எழுதிய ஒரு சொல்லுக்குள் இவ்வளவு நேரம் ஒளிந்திருக்கிறது.

சலங்கை_பண்டாரவளை · செவ்வாய் இரவு 9.30

அப்படியென்றால் அந்த 6ஆவது எங்கள் நாட்டடவுக்கு ஒன்றுவிட்ட சகோதரி. கால் போகிறது, உடம்பு போகவில்லை, கணக்கு மட்டும் நகர்கிறது. ஆனால் ஐயா, என் முதல் கேள்விக்கு இன்னும் நேரடிப் பதில் வரவில்லை. எண்ணுவது பாரமும் இல்லை, ஓசையும் இல்லை என்றால் எது?

ஓய்வு_கிளாக்கர் · செவ்வாய் இரவு 9.55

கால் எடுத்து வைப்பதை எண்ணுகிறார்கள் அம்மா. பாரத்தை விவரிக்கிறார்கள். இரண்டையும் ஒன்றென்று நினைத்தால்தான் குழப்பம். இதைவிடச் சுருக்கமாகச் சொல்ல எனக்குத் தெரியவில்லை.

ஹட்டன்குளிர்_வீட்டுக்காரி · செவ்வாய் இரவு 10.20

நான்தான் நகம் போனவள். இவர் எழுதுவதையெல்லாம் பக்கத்தில் இருந்து பார்க்கிறேன், இனி நானே எழுதுகிறேன்.

எல்லாரும் ஆணின் தாளையே வைத்துப் பேசுகிறீர்கள். எனக்கு 1 என்பது இடது கால் பின்னே. பாதக் கட்டத்தில் 'டோ, ஹீல்'. எழும் கட்டத்தில் இவருக்கு இருப்பது போலவே '1இன் முடிவில் எழத் தொடங்கவும்', ஆனால் கூடவே 'பாதம் எழாது'. முதலில் இது அச்சுப் பிழை என்று நினைத்தேன். எழவும் வேண்டும், எழவும் கூடாது என்றால் என்ன செய்வது? வகுப்பில் ஒரு அக்கா காட்டினார். முழங்காலும் உடம்பும் நிமிரலாம்; இடது குதிகால் மட்டும் தரையிலேயே இருக்க வேண்டும், வலது கால் பக்கத்தில் போய்ப் பாரத்தை வாங்கும் வரை.

இதிலிருந்து கிளாக்கர் ஐயா சொல்வது உண்மை என்று எனக்கு அன்றைக்கே தெரிந்தது. என் 1 என்னுடைய 2 பதியும் வரை உயிரோடு இருக்கிறது, குதிகால்தான் சாட்சி. இவர் கால் வைத்ததும் எழும்போது என் குதிகால் இன்னும் தரையில் முழுதாக அமரக்கூட இல்லை. இவருடைய வலது கை என் இடது தோள்பட்டைக்குப் பின்னால் இருக்கிறது, இவர் எழுந்தால் அந்தக் கை என்னைத் தூக்கும். நான் பின்னே சாய்வேன், அப்புறம் "ஏன் சாய்கிறாய்" என்று என்னையே கேட்பார். இதைத்தான் வட்டவளை வரை சொன்னேன்.

தலவாக்கலை_தவளை · செவ்வாய் இரவு 10.26

மச்சான், உனக்கு ஒரு தட்டு. பாரத்தோடு.

பதுளை_கணக்கு · செவ்வாய் இரவு 10.50

அக்காவின் குதிகால் சாட்சியை விட நல்ல நிறுவல் இல்லை. நான் ஒதுங்கிக்கொள்கிறேன்.

ஓய்வு_கிளாக்கர் · புதன் காலை 5.35

மகள் சொன்னபின் நான் சொல்ல ஒன்றுமில்லை. ஒரு பயிற்சி மட்டும். பறங்கி அம்மா 'வன்' என்பதை இழுத்துச் சொல்வார். நான் தமிழில் மாற்றிக்கொண்டேன். 'ஒன்று' என்பதை ஒ, ன், று என்று பிரித்து மெதுவாகச் சொல். 'ஒ' என்னும்போது குதிகால் படட்டும். 'ன்' என்னும்போது பாரம் முழுதும் முன்காலுக்கு வரட்டும், முழங்கால் மடங்கியே இருக்கட்டும். 'று' என்னும்போது பின்கால் கணுக்காலைக் கடக்கட்டும். எழுவது 'று'வில்தான், 'ஒ'வில் அல்ல. பாட்டு வேண்டாம், இசை போட்டால் அவசரப்படுவாய்.

ஹட்டன்குளிர் · ஞாயிறு இரவு 10.10

கண்டியிலிருந்து இப்போதுதான் வந்தோம். மழை, கினிகத்தேனையில் மண் சரிந்து அரை மணி நேரம் நின்றுவிட்டது பஸ்.

புதன், வியாழன், வெள்ளி மூன்று இரவும் முன்னறைச் சிவப்புச் சீமெந்தில் மேசையை ஒதுக்கிவிட்டு ஒ-ன்-று போட்டோம். சப்பாத்து இல்லை, மேஸ் மட்டும். முதல் நாள் 'ன்'னில் முழங்கால் நடுங்கியது. மடக்கிய காலில் அவ்வளவு நேரம் நிற்பது பழக்கமில்லை. இரண்டாம் நாள் 'று' வரும்போது இடது கால் தானாகவே வலது காலை உரசிக்கொண்டு போனது, எழவேண்டும் என்று நினைக்கவே இல்லை, எழுந்துவிட்டேன். அவள் குதிகால் தரையில் இருக்கும் சத்தம் கேட்டது. சத்தம் என்றால் சரியில்லை, கையில் தெரிந்தது. பக்கத்து வீட்டு மாமி ஜன்னலால் பார்த்து, பிள்ளைக்குத் தமிழ் படிப்பிக்கிறோம் என்று நினைத்துவிட்டார்.

இன்றைக்கு வகுப்பில் சேர் தலையில் கைவைக்கவில்லை. ஆறு ஸ்டெப்பையும் நான்கு தரம் பார்த்தார். "சரி, ஒண்ணு வந்துட்டுது. நாலு வரேல்ல" என்றார்.

ஹட்டன்குளிர்_வீட்டுக்காரி · ஞாயிறு இரவு 10.18

4இல் இவர் பின்னே போக வேண்டும், நான் முன்னே வருவேன். இப்போது 'ஒ'வில் நிற்பது யார் என்று திரும்பி வரும்போது பஸ்ஸில் கேட்டேன். பதில் இல்லை, தூங்குவது போல நடித்தார்.